படுக்க மறுத்த நோயாளி

அறுபதுகளின் தொடக்கத்தில், பெங்களூர் கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். எங்களிடம் இரண்டு ஆம்புலன்ஸ். ஒன்று, பட்டாளத்தார் கழித்துப்போட்ட பெரிய வேன். ஏறுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும்; குலுக்கலில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், இரண்டு பக்கமும் பெஞ்சு உண்டு. இன்னொன்று புத்தம் புதுசு. கார் மாதிரி தாழ்வானது, அலுங்காமல் போகும். கூரைதான் தலையில் இடிக்கும். ஸ்ட்ரெச்சரில் படுக்கலாம், எழுந்து உட்கார முடியாது. டிரைவர் அதைக் கண்ணுக்குக் கண்ணாகத் துடைத்து வைத்திருப்பார். பழசைப் புகழும் ஒரே ஆள் நான்தான். அதற்காக என்னைக் கேலி செய்யாதவர் கிடையாது.

ஒருநாள் மத்தியானம் ஸ்ரீராம்புரத்திலிருந்து அழைப்பு வந்தது. பெரிய வேன் வேறு ஒருவரை ஏற்றப் போயிருந்ததால் புதுசில் போனோம். சந்து முனையில் ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வந்து வைத்திருந்தார்கள். இதய நோய்க்காரி. காலெல்லாம் வீக்கம், உதடு நீலம் பாரித்திருந்தது. அக்கம்பக்கத்தார் அவளைப் பிடித்து ஸ்ட்ரெச்சரில் சாய்த்தார்கள். அவள் திமிறி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படுத்தா மூச்சு நின்னுடுதும்மா... படுக்க வெக்காதீங்க."

அவள் புருஷன் அழுதுகொண்டே அதட்டினார். "ஆம்புலன்ஸுன்னா படுத்துத்தானே போவணும்? சொன்னா கேளு!"

எனக்குத் துளியும் சந்தேகமில்லை. இவளைப் படுக்க வைத்தால் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. முன் சீட்டில் உட்கார வைக்கச் சொன்னேன். டிரைவர் பதறிப்போனார்.

"சிஸ்டர், பேஷண்ட்ட முன்னாடி வெச்சு கூட்டினு போனா டாக்டர் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு!"

"டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க வண்டிய எடுங்கண்ணா."

முதுகுக்குத் தலையணை கொடுத்து, காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்தோம். புருஷன் பின்னால் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டார். நான் அவள் நாடியை விடக்கூடாதே! டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த சின்னத் திறப்பு வழியாகக் கையை நீட்ட வேண்டுமானால், ஸ்ட்ரெச்சரில் குப்புறப் படுப்பதைத் தவிர வேறு வழியில்லை. படுத்தேன். வழிநெடுக அவள் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். பேச்சில் தைரியம் காட்டினாலும் உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. ஆனால் போகப் போக இளைப்பு கொஞ்சம் தணிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் ஓடிவந்து பின்கதவைத் திறந்து, வழக்கம்போல ஸ்ட்ரெச்சரை வெளியே இழுத்தார்கள். அதில் வெள்ளை உடுப்போடு குப்புறக் கிடந்தவள் நான்!

"அய்யய்யோ, சிஸ்டருக்கு ஏனாயித்து?" என்று ஒருவர் கன்னடம் கலந்து அலறினார்.

முன் சீட்டில் இருந்தவள் அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு, உட்கார வைத்தே ஊசி போட்டார். சில வாரங்களில் அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

அன்றிலிருந்து எந்த நோயாளியிடமும் 'படுங்கள்' என்று நான் முதலில் சொல்வதில்லை. 'எப்படி இருந்தால் உங்களுக்குச் சுகமாக இருக்கிறது?' என்று கேட்கிறேன், அந்த ஒரு கேள்விக்கே பலருக்குப் பாதிப் பயம் போய்விடுகிறது.