சாரலில் துடித்த இஞ்சின்

குற்றாலத்துச் சாரலைப் பற்றி யாராவது உருகி உருகிப் பேசினால் நான் எழுந்து போய்விடுவேன். சாரல் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு கறுப்புக் காரும், விடியற்காலைக் குளிரில் அது போட்ட உதறலும், அதை வைத்து என் பெயரை நாறடித்த ஒரு மனிதரும்தான். யுத்த காலம் அது. தென்காசியில் நெல் அரவை மில் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் நான் கார் டிரைவர். ஆடி பிறந்தால் அவர் குற்றாலத்தில் ஒரு பங்களாவைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய அருவிக்குப் போவதும் வருவதுமாகக் கிடப்பார். அந்த உடம்போடுதான் காரிலும் ஏறி உட்காருவார். சீட்டைத் துடைத்துத் துடைத்து என் கையெல்லாம் சிக்கு வாடை. சோற்றுக் கையை வாயருகில் கொண்டுபோனாலே குமட்டும்.

அந்த வருஷம் கார் காலை நேரத்தில் மக்கர் பண்ணத் தொடங்கியது. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் இஞ்சின் பிடிக்கும். ஆனால் நிதானமாக ஓடாது. குளிர்காய்ச்சல்காரன் மாதிரி உதறும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துபோகும். கொஞ்ச நேரம் உறுமவிட்டுச் சூடேற்றினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். மறுநாள் காலை திரும்பவும் அதே கதை.

ஈரக்காற்றுதான் காரணம் என்று பிளக்குகளைக் கழற்றிச் சுரண்டினேன். வயர்களைத் துடைத்தேன். இஞ்சின்மேல் சாக்கைப் போட்டு மூடி வைத்தேன். ம்ஹூம். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலைப் பீய்ச்சுகிற ஜெட்டின் ஊசித்துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மத்தியானம், வண்டி ஓடி வந்த சூட்டோடு கழற்றினால் அப்படித்தான் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதலாளிக்கு அருவிக்குப் போக நேரமாகிக்கொண்டே போனது. ஒருநாள் பங்களா வாசலில், மில் ஆட்கள் நாலு பேர் நிற்கும்போதே கேட்டார்.

“ஏலே, பெட்ரோல வித்துட்டு மண்ணெண்ணெயக் கலந்துருக்கியோ?”

கூப்பனுக்குத்தான் பெட்ரோல் கிடைத்த காலம். சில டிரைவர்கள் அப்படிச் செய்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நான் செய்யவில்லை. டாங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து அவர் கண்முன்னே உள்ளங்கையில் ஊற்றிக் காட்டினேன். மண்ணெண்ணெய் இருந்தால் பிசுபிசுப்பு நிற்கும். இது சட்டென்று காய்ந்து, வெள்ளையாக ஏதோ லேசாகப் பூத்தாற்போல நின்றது.

“பாருங்க மொதலாளி, மண்ணெண்ணெ இல்ல” என்றேன்.

“வித்தையா காட்டுதே? வெள்ளிக்கெழம மாடன் கோயிலுக்கு வந்து சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணு. பொறவு நம்புதேன்.”

எங்கள் பக்கத்தில் சூடத்தை அணைப்பது விளையாட்டுக் காரியமில்லை. சாமி முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது. அதைவிடக் கொடுமை, அங்கே ஒருத்தனைக் கூப்பிட்டுவிட்டாலே அவன் பாதித் திருடன் என்று ஊர் முடிவுகட்டிவிடும். அப்புறம் எந்த முதலாளி என்னை நம்பி வண்டியைத் தருவான்? எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். பெண்டாட்டி பிள்ளைகள் அச்சன்புதூரில் என் சம்பளத்தை நம்பி இருந்தார்கள்.

மறுநாள் காலை நான் ஹேண்டிலைத் தொடவே இல்லை. குளிர்ந்து கிடந்த இஞ்சினிலிருந்து ஜெட்டைக் கழற்றினேன். துளை வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. குண்டூசியால் நோண்டி எடுத்து மூக்கருகில் வைத்தேன். சூட வாசனை. தினமும் காலையில் காருக்குச் சூடம் காட்டுவது முதலாளியின் வழக்கம். அதனால் வண்டியைச் சுற்றி எப்போதும் அந்த வாசனைதான், நான் அதைக் கண்டுகொண்டதே இல்லை. அந்தத் துணுக்கைத் தூரமாகக் கொண்டுபோய் ஒரு கல்மேல் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். குப்பென்று பிடித்து, சாம்பல்கூட இல்லாமல் எரிந்து தீர்ந்தது.

பெட்ரோலில் யாரோ சூடத்தைக் கரைத்திருக்கிறார்கள். வண்டி சும்மா நிற்கும்போது ஜெட்டில் இருக்கிற பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், சூடம் மட்டும் தங்கித் துளையை அடைத்துக்கொள்ளும். இஞ்சின் சூடேறினால் அதுவும் கரைந்துவிடும். ஜெட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன். அவர் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆமா, நாந்தான் போட்டேன்” என்றார், கூச்சமே இல்லாமல். “செங்கோட்டையில ஒருத்தன் சொன்னான். டாங்குல சூடத்தப் போட்டா கொஞ்சப் பெட்ரோலுல கூடத் தூரம் ஓடுமாம். வெள்ளிக்கு வெள்ளி ஒரு கை போடுதேன்.” சொல்லிவிட்டு வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். என் காலில் தெறித்தது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் என் முன்னால் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தது.

“அதுதான் மொதலாளி ஜெட்ட அடைக்கி. நான் களவாங்கல.”

“அப்பம் சரி.”

“நாலு பேரு முன்னால கேட்டியளே. நாலு பேரு முன்னால சொல்லிருங்க.”

“சொல்லுதேம்லே. கோயில்ல வச்சே சொல்லுதேன்.”

நம்பினேன். டாங்கை வடித்துக் கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். அடுத்த காலை அந்தக் குளிரிலும் இஞ்சின் ஒரு உதறல் இல்லாமல் ஓடியது.

வெள்ளிக்கிழமை குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனேன். மில் ஆட்கள், பக்கத்துப் பங்களா டிரைவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பூசாரி தட்டில் சூடத்தை வைத்தார். முதலாளி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

“சத்தியம் ஒண்ணும் வேண்டாம்” என்றார். “பய வந்து கால்ல விழுந்துட்டான். பிள்ளகுட்டிக்காரன், போவுது. நான் மன்னிச்சிட்டேன். இனும யாரும் அவன ஒண்ணும் கேக்கக் கூடாது.”

“மகராசன்” என்றது கூட்டம். பூசாரி என் நெற்றியில் திருநீற்றை அப்பினார்.

“நான் எங்க விழுந்தேன்? இஞ்சினக் கெடுத்தது இவிய போட்ட சூடம்லா” என்றேன்.

மில் ஆள் ஒருவன் சிரித்தான். “மன்னிச்சு விட்டாச்சு, இவன் சூடத்தக் குத்தம் சொல்லுதான் பாரு.”

“கொளுத்துங்க சாமி, நான் அணைக்கேன்” என்று தட்டைப் பிடித்தேன். பூசாரி தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “பெரிய மனசு பண்ணி விட்டுட்டாவல்லா, பொறவும் எதுக்குடே வம்பு?” என்றார். முதலாளி என் தோளைத் தட்டினார். சட்டையில் எண்ணெய்க் கறை விழுந்தது. சீ, அந்தக் கையை அங்கேயே தட்டிவிட்டிருக்கலாம்.

சாவியை அவர் காலடியில் வைத்துவிட்டு அச்சன்புதூருக்கு நடையைக் கட்டினேன். கோயிலில் நடந்த கதையை ஏற்றிக்கொண்டு மில் வண்டி ஒன்று எனக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் பெண்டாட்டி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும் செம்பை வாங்கிக்கொண்டாள்.

“மன்னிச்சிட்டாவளாம்லா, நல்ல மனுசன்” என்றாள். “வித்ததுதான் வித்திய, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”