இருபத்தொரு பங்கு நாட்கள்

இந்த ஊரில் எங்கள் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கை வைக்காத ஃப்ரிட்ஜே கிடையாது. செத்து மூன்று வருடமான பெட்டியைக்கூட, முதுகில் காதை வைத்துக் கேட்டே எழுப்பிவிடுவார். நடுக்கோடையில் அதற்குள்ளிருந்து பனிமழை கொட்டும். சரி, பனிமழை என் கைச்சரக்கு. மூன்று வருடமும் கொஞ்சம் இழுத்ததுதான். ஆனால் காதை வைத்துக் கேட்பது சத்தியம். மீட்டரை எடுப்பதற்கு முன் கம்ப்ரஸரின் மேல் காதைப் பதித்துக் கண்ணை மூடிக்கொள்வார். எங்கே இழுக்கிறது, எங்கே திணறுகிறது என்று அதுவே அவரிடம் சொல்லிவிடும்.

அப்படிப்பட்டவர் அந்தக் கோடையில் வேலைக்குப் போகாமல் தன் வீட்டுப் பின்னறைக் கதவில் காதை வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் மனைவி. கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவி அவருடைய சட்டைப் பையில்தான் கிடந்தது.

அந்த அம்மாள் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தவர். வலிப்பு நோய் உண்டு. ஒருநாள் வேலையிடத்திலேயே வந்துவிட, மறுநாள் முதல் வேண்டாம் என்றுவிட்டார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்தவரை யாரோ பெரியவரின் சபைக்கு அழைத்துப் போனார்கள். பெரியவர் என்றால் வயதில் அல்ல, ஐம்பதைத் தாண்டாதவர்தான். அவருடைய மூலதனமெல்லாம் ஒரு சிறைக்கதை. இளவயதில் உண்மை பேசியதற்காக உள்ளே போட்டார்களாம். முதல் வருடம் அவர் சொன்னபோது அந்த அறையின் சன்னல் உள்ளங்கை அகலம் இருந்தது. மூன்றாம் வருடம் விரல் அகலம். அதற்கப்புறம் சன்னலே இல்லை. சபையில் யாராவது தலைவலி, வீட்டுக்குப் போகிறேன் என்றால் போதும், "அவர் இருட்டுல கிடந்தாரே, உனக்கு வெளிச்சத்துல என்ன வலி?" என்று கேட்பார்கள். தலைவலிக்காரர் மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

போன வருடம் ஒரு ஆள்மாறாட்டப் பத்திரத்துக்காக அவரை நிஜமாகவே உள்ளே போட்டார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த சபைக்கு அவல் கிடைத்தது. வாராவாரம் சிறையிலிருந்து அவர் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "இருட்டில் இருக்கிறேன், குழந்தைகளே. உங்களில் யாரோ சந்தேகப்பட்டதால் இருக்கிறேன். என் நாட்களைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்."

அதிலிருந்து பிறந்ததுதான் பங்கு நாள். ஆளுக்கு இத்தனை நாள் என்று ஏற்றுக்கொண்டு வீட்டிலேயே ஓர் அறையில் அடைந்து கிடக்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாடு. மருந்து கூடாது, அவருக்கு யார் மருந்து கொடுத்தார்கள்? கதவைப் பூட்டுவது சொந்த உறவாக இருக்க வேண்டும். ஏனென்றால் பெரியவரைக் காட்டிக்கொடுத்ததும் சொந்த உறவுதானாம். நாள் முடியுமுன் கதவைத் தாண்டினால் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும்.

மனைவி ஏற்றது இருபத்தொன்று.

"மாத்திரை மட்டும் போட்டுக்கோ. யார் பாக்கப் போறாங்க?" என்றார் மெக்கானிக், கதவுக்கு வெளியே.

"நான் பாப்பேன்ல," என்றது உள்ளிருந்து குரல்.

மாத்திரையைப் பொடித்துச் சாப்பாட்டில் கலந்து பார்த்தார். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் திருப்பி வைத்துவிட்டார் அந்த அம்மாள். அதன்பின் இரண்டு நாள் தண்ணீர்தான்.

மாடியில் குடியிருக்கும் மெக்கானிக்கின் அக்கா இறங்கி வந்து பார்த்தார். "உள்ள இருக்கறவன் சாவிக்கு அழுவான், கேட்டிருக்கேன். சாவியை வச்சுக்கிட்டு வெளிய உக்காந்து அழறவன் நீ ஒருத்தன்தான்டா."

"திறந்தா மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பேங்கறாக்கா."

"ஆரம்பிக்கட்டுமே. உசுரு இருந்தாத்தானே ஆரம்பிக்க முடியும்?"

ஆறாம் நாள் மத்தியானம் உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். பிறகு சுவரில் குதிகால் இடிக்கும் ஓசை. மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். கதவைத் திறந்து, மனைவியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயோர நுரையைத் துடைத்து, அடங்கும்வரை மடியில் தலையை வைத்திருந்தார். கண் விழித்த அந்த அம்மாள் முதலில் கதவைத்தான் பார்த்தார்.

"திறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு விசும்பத் தொடங்கினார். "ஆறு நாளும் போச்சே. அவருக்கு ஆறு நாள் கூடிப்போச்சே."

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் மெக்கானிக்கை வராந்தாவுக்கு அழைத்து, மாத்திரை இல்லாமல் இன்னொன்று நீளமாக வந்தால் திரும்ப விழிப்பார் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அவருக்கே விருப்பமில்லை என்றால் கட்டியா வைக்க முடியும் என்றும் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் நேரே பின்னறைக்குள் போய் நின்று, பூட்டை எடுத்துக் கணவரின் கையில் வைத்தார். மெக்கானிக் அதை ஜன்னல் வழியே வீசினார். அந்த அம்மாள் சாப்பாட்டை நிறுத்தினார். மூன்றாம் வேளை மெக்கானிக்கே தெருவில் தேடிப் பூட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

ஐந்தாம் நாள் ஒரு பெரிய வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அக்காவைக் கதவருகில் உட்கார வைத்துவிட்டுப் போனார். இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ். வழக்கம்போல முதலில் கதவின் அடியில் மாடல் எண் ஒட்டியிருக்கும் இடத்தை ஃபோனில் படம் எடுத்தார். பிறகு பின்பக்கம் போய்க் காதை வைத்தார். அப்போது முன்பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"ஐஸ் எப்பப்பா வரும்? சாயங்காலம் ஆளுங்க வராங்க."

மெக்கானிக்கின் காது பொய் சொல்லாது. வாராவாரம் இருட்டில் இருக்கிறேன் என்று சொன்ன குரல் அது. எட்டிப் பார்த்தார். பனியனும் குளியலறைச் செருப்புமாகப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார், நன்றாகச் சதை போட்டு. அவர் நகர்ந்ததும் சமையல்காரம்மாவிடம் மெதுவாக விசாரித்தார்.

"இவரா? வெளிய வந்து மூணு மாசமாச்சு. நன்னடத்தைன்னு சீக்கிரமே விட்டுட்டாங்க. ஆனா வாய்க்கு ருசியா கேட்பாரு பாருங்க, அதுல நன்னடத்தை கிடையாது."

மெக்கானிக் வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தில் ஸ்குரூ டிரைவர் பையை அங்கேயே விட்டுவிட்டார். கதவைத் தட்டி, மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னார். ஆதாரமாக ஃபோனையும் கதவிடுக்கில் தள்ளினார். மாடல் எண்ணுக்குப் பக்கத்தில், படத்தின் ஓரத்தில், ஒரு கால் விழுந்திருந்தது. கறுத்த கட்டைவிரல் நகம். காவலர் மிதித்துக் கறுத்தது என்று சபையே தொட்டுக் கும்பிடும் நகம்.

மெக்கானிக் சாவியை எடுத்துத் தயாராகப் பிடித்துக்கொண்டார்.

"அவர்தான்," என்றது குரல். அழுதுகொண்டிருந்தது, ஆனால் சந்தோஷமாக. "அங்க உடம்பு கிடக்கும்போதே இங்க வந்து நின்னிருக்கார். போயும் போயும் நம்பாத உங்களுக்குக் காட்சி குடுத்திருக்காரே. நான் ஏத்துக்கிட்ட நாள் வீண் போகலைங்க."

"செருப்பு போட்டிருக்காருடி. பாத்ரூம் செருப்பு."

"தரையில படலை பாருங்க."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அந்த அம்மாள் உள்ளிருந்தே படத்தைச் சபைக்கு அனுப்பிவிட்டிருந்தார். மறுநாள் காலையில் சபைப் பொறுப்பாளர் வந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் விசில் டீச்சர் என்றுதான் பெயர்.

"எந்தத் தெருங்க அந்த வீடு?"

மெக்கானிக் சொன்னார்.

டீச்சர் முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்த அளவு சலனம்கூட இல்லை. "அதைச் சொல்ல வேண்டாம். மத்ததை ஞாயித்துக்கிழமை சபையில சொல்லுங்க. உடம்பைப் பாத்தேன்னு சொல்லாதீங்க, ஒளியைப் பாத்தேன்னு சொல்லுங்க. காட்சி கண்டவர் வீட்டுல பங்கு நாள் முடிஞ்சதா அர்த்தம். உங்க வீட்டம்மா அன்னைக்கே வெளிய வரலாம்."

"உங்களுக்குத் தெரியுமா, அவரு வெளிய இருக்கறது?"

"உங்க வீட்டம்மாவுக்கு மாத்திரை எப்பலேருந்து வேணும்னு சொல்லுங்க," என்றார் டீச்சர்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். எறும்புக்காவது குச்சியின் நடுவில் கொஞ்சம் இடம் உண்டு. உண்மையைச் சொன்னால் மனைவி இன்னும் பதினாறு நாள் உள்ளே. பொய் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள்ளேயே வலிப்பு வந்துவிட்டால் என்ற பயத்தில் மூன்று நாள் அவர் கதவை விட்டு அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேடையேறினார். ஃபோனில் எடுத்த கால், ஆள் உயரத்துக்குப் பெரிதாகிப் பின்னால் சட்டத்தில் நின்றது. ஓரத்தில் மாடல் எண்ணை வெட்டி எடுத்திருந்தார்கள். மெக்கானிக் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "உடம்பு இல்லை. ஒளி," என்றார். அதற்கே கூட்டம் விம்மியது. விசில் டீச்சர் எழுந்து, நம்பாதவனுக்கே இவ்வளவு அருள் என்றால் நம்பியவர்கள் எத்தனை நாள் ஏற்க வேண்டும் என்று கேட்டார்.

மனைவி வெளியே வந்தார். அன்று மாலை தம்ளர் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கியதை மெக்கானிக் தொண்டைக்குழி ஏறி இறங்கும்வரை பார்த்தார். இன்றுவரை ஒரு வேளை தவறவில்லை; வலிப்பும் வரவில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அந்த அம்மாள் எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. ஒளி எப்படி இருந்துச்சு?"

சொல்லாவிட்டால் மாத்திரை டப்பாவை மூடிவிடுவாரோ என்று பயந்து மெக்கானிக் சொல்கிறார். முதலில் ஃப்ரிட்ஜ் விளக்கு அளவு இருந்தது. இப்போது சமையலறையே தெரியாத அளவுக்கு வந்திருக்கிறது. மெக்கானிக் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

மேடையில் அவர் பேசி முடித்ததும் மூன்று பேர் கையைத் தூக்கிப் புதிதாகப் பங்கு நாள் ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது மெக்கானிக் இடைமறித்தார்.

"மூணு பேர் இல்லைங்க, பதினொண்ணு. தூக்கின கையெல்லாம் எனக்கு நேரா இருந்துச்சு."