சாத்தாங்காட்டுக் குடோனில் மூன்றாவது முகம்

என் வலது உள்ளங்கையில் தையல் போட்ட தழும்பு இருக்கிறது. கேட்பவர்களிடம் பைக்கிலிருந்து விழுந்தேன் என்பேன். அது பொய். நடந்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் செங்குட்டுவன். வியாசர்பாடி. போன வருடம் கல்லூரியில் கம்ப்யூட்டர், தகவல் அமைப்புகள் படிப்பின் கடைசி செமஸ்டர். வகுப்புத் தோழன் பெனிட்டோவும் நானும் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்தோம். கேமராவில் முகத்தைப் பார்த்தே தொழிலாளிகளுக்கு வருகை போடும் மென்பொருள். சோதித்துப் பார்க்க இடம் வேண்டும். பெனிட்டோவின் சித்தப்பா ஜெபசிங்குக்குச் சாத்தாங்காட்டில் இரும்புக் குடோன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்காது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனோம். வாட்ச்மேன் பீம்ராவ் எங்களை உள்ளே விட்டு, தெரு நாய்கள் வரும் என்று ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே உட்கார்ந்தார்.

கேமராவைச் சுவரில் மாட்டினோம். இரும்புத் தகடுகளின் அடுக்கு மேல் லேப்டாப். ஓட்டியதும் எங்கள் முகங்களைச் சுற்றி இரண்டு பச்சைக் கட்டங்கள் வந்தன. கைகுலுக்கிக்கொண்டோம்.

பிறகு மூன்றாவது கட்டம் வந்தது... குடோனின் நடுத்தூணுக்கு அடியில்.

அங்கே யாரும் இல்லை.

நிழலை முகம் என்று நினைத்துக்கொள்வது இந்த மாதிரி மென்பொருளுக்குச் சகஜம். பெனிட்டோ சில அளவுகளை மாற்றிப் பார்த்தான். கட்டம் போகவில்லை. அது முகம்தான் என்று தொண்ணூற்றொன்பது சதவீத உறுதியோடு காட்டியது. எங்கள் முகங்களுக்கே அவ்வளவு வரவில்லை.

என்னை அந்தத் தூணருகே போய் நிற்கச் சொன்னான். நின்றேன்.

"கட்டம் உன் இடுப்பாண்ட கீது மச்சான்," என்றான். "எவனோ குந்திகினு கீற மாதிரி."

என் வயிற்றில் ஈரமான மூச்சுக்காற்று பட்டது.

மணி மூன்றேகால். பெனிட்டோவின் குரல் மாறிவிட்டது.

"எழுந்துக்குது... இங்க வந்துடு."

கர்ர்ர்...

தரையில் கிடந்த முறுக்குக் கம்பி ஒன்று தானாக நகர்ந்தது. அவனை நோக்கிப் போனது. லேப்டாப் திரையில் கட்டமும் அதோடு நகர்வது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

கம்பி மேலே எழும்பியது.

முதல் அடி, கீபோர்டில் இருந்த அவன் வலது கையில். விரல்கள் நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்தது தாடையில். பல்லும் ரத்தமும் தகட்டில் தெறித்தன.

பாய்ந்து கம்பியைப் பிடித்தேன். மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள்... அந்தப் பிடியின் இறுக்கம் என் கையில் தெரிந்தது. வெடுக்கென்று உருவியதில் என் உள்ளங்கை கிழிந்தது.

கேமரா ஒயரைப் பிடுங்கினேன். கட்டம் மறைந்தது.

அடி நிற்கவில்லை.

கத்தினேன். ஷட்டர் உயர்ந்தது. வெயில் உள்ளே விழுந்தது.

டணார்... கம்பி தரையில் கிடந்தது.

பெனிட்டோ பிழைத்தான். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்தது நாங்கள் இருவர்தான் என்பதால் போலீஸ் என்னைத்தான் பிடித்தது. பெனிட்டோ கண் விழித்து, இடது கையால் செல்போனில் "இவன் இல்லை" என்று தட்டிக் காட்டிய பிறகே விட்டார்கள்.

ஸ்டேஷன் வாசலில் பீம்ராவ் நின்றிருந்தார். அவர்தான் சொன்னார். முந்தின வருடம், இரும்பு திருடியதாகப் பழி சொல்லி, அப்பாவு என்ற லோடுமேனை அந்தத் தூணில் கட்டிவைத்து ஜெபசிங் கம்பியால் அடித்திருக்கிறார். முதலில் விரல்கள். அப்புறம் தாடை. கடைசியில் பிடரி. லாரியிலிருந்து விழுந்தான் என்று சொல்லிக் கேஸை முடித்துவிட்டார்கள்.

"உன் தோஸ்து அவுங்க சித்தப்பாவ உரிச்சி வெச்ச மாதிரியே கீறான் நைனா," என்றார்.

அப்பாவுவை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டேன். பீம்ராவ் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அவன் எங்க செத்தான்? எண்ணூர்ல வூட்லதான் கீறான்."

மறுநாளே போனேன். ஒற்றை அறை வீடு. கட்டிலில் ஒரு மனிதர் மேலே பார்த்தபடி கிடந்தார். அவர் மனைவி பூவம்மா என்னை யாரென்று கூடக் கேட்கவில்லை. குடோனிலிருந்து வருகிறேன் என்றதும் அவராகவே பேசினார்.

"கழுத்துக்குக் கீழ அசைவே இல்ல தம்பி. தண்ணி கூட நான்தான் ஊட்டணும். ஆனா இந்த ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒடம்ப தொடைக்கிறப்ப பாத்தேன்... ரெண்டு கையிலயும் துரு. நகத்துக்குள்ள ரத்தம்."