நம்ம கம்பெனி

பதுளையில் எங்கள் தொழிலைப் பதிந்து, சான்றிதழைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுபோன அன்று, அப்பா அதை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. முத்திரை விழுந்த இடத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"கம்பெனி பதிஞ்சிருக்கோம்ப்பா."

"எந்தக் கம்பெனி? நம்ம கம்பெனியா?"

எங்கள் ஆட்களுக்குக் கம்பெனி என்றால் ஒன்றுதான். தேயிலைத் தோட்டத்தை நடத்துகிற, துரையை அனுப்பி எங்களை மேய்க்கிற கம்பெனி. கூரைத் தகரம் ஒழுகினால் அதைக் கேட்க வேண்டும், வாசலில் ஒரு கக்கூஸ் கட்ட வேண்டுமென்றாலும் அதைத்தான் கேட்க வேண்டும். அதில் ஒரு செங்கல்கூட எங்களுடையதில்லை. ஆனாலும் அதை 'நம்ம கம்பெனி' என்று சொல்லியே அப்பா கிழவராகிவிட்டார்.

"இல்லப்பா. இது எங்க நாலு பேரோடது."

"அப்ப தொரை யாரு?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

நாங்கள் நால்வரும் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். மற்ற மூவரும் பாதியில் நின்று கொழும்புக்குப் போய்ப் பெயின்ட் வேலை பழகினார்கள். நான் மட்டும் உயர்தர வகுப்பு வரை போனேன். எங்கள் குடும்பத்தில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான்தான். பெரகலச் சந்தியில் ஒரு கடையின் பின்னறையை வாடகைக்குப் பிடித்து, அந்த விலாசத்தில்தான் எங்கள் பெயின்ட், பராமரிப்புத் தொழிலைப் பதிந்தோம். லயத்து அறைக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. அது வெறும் ஒரு நம்பர்.

பிறகு கொழும்பில் ஒரு மாடிக் குடியிருப்பில் இரண்டு வருடப் பராமரிப்பு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. அதன் மேலாளர் எங்கள் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஊவா மாகாணத்துல பதிஞ்சது தம்பி. எங்க ஆட்கள் இந்த மாகாணப் பதிவுதான் கேக்குறாங்க. மாசக் கடைசிக்குள்ள கொண்டு வந்தா வேலை உங்களுக்குத்தான்."

கொழும்புப் பதிவு அலுவலகத்தில் படிவம் வாங்கினேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிரப்பினேன், ஒரு வரியைத் தவிர: தொழில் நடைபெறும் இடத்தின் விலாசம். உறுதியோ, வாடகை ஒப்பந்தமோ, இடத்தின் சொந்தக்காரருடைய சம்மதக் கடிதமோ வேண்டும் என்றார் கவுண்டரில் இருந்த அம்மா. மரியாதையாகத்தான் சொன்னார்.

இது ஒரு விஷயமா என்று நினைத்தேன். எங்கள் தோட்டத்தில் கொழும்புக்கு ஆள் அனுப்பாத வீடு இல்லை. வெளியே நின்று ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். ஒருவன் மாவுக் கடையில் மூட்டைகளுக்கு மேல் படுக்கிறான். ஒருவன் காவலுக்கு நிற்கிற கூண்டிலேயே. பக்கத்து லயத்து அக்கா, வேலை செய்கிற வீட்டில் குசினிக்குப் பின்னால். "எனக்கு இங்க காயிதமே வந்ததில்லடா. என்ன நம்பர்னு கேட்டா நான் எங்க போறது?" என்று சிரித்தது அக்கா. இந்த ஊரையே கூட்டிக் கழுவுகிற எங்களில் ஒருவருக்கும் இந்த ஊரில் விலாசம் இல்லை.

கடைசியில் மாமா. அம்மாவின் தம்பி, ஒரு ஹார்ட்வெயார் கடையில் தலை நரைக்கும் வரை சாமான் தூக்கியவர். முதலாளியிடம் என்னைக் கூட்டிப்போனார்.

தப்பு செய்தது அங்கேதான். கடையின் மேல்மாடியில் ஒரு மேசை போடுகிற இடத்தை வாடகைக்குக் கேட்டிருக்கலாம். பெரகலயில் அப்படித்தானே செய்தேன். ஆனால் முதலாளிக்கு முன்னால் நின்றதும் என் கை தானாகக் கட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் சேர, அடையாள அட்டை எடுக்க, எல்லாவற்றுக்கும் துரையிடம் கடிதம் கேட்டே வளர்ந்தவன். "ஐயா, ஒரு கடிதம் குடுத்தீங்கன்னா..." என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார்.

"கடிதம் எதுக்கு? என் பேர்லயே பதிஞ்சிடலாம். விலாசம் என்னோடது. வேலைய நீங்க பாருங்க. பேர் யார்து இருந்தா என்ன?"

மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தக் கடையில் அவர் தலையை வேறு மாதிரி ஆட்டி நான் பார்த்ததில்லை. மாசம் முடிய இரண்டு நாள் இருந்தது. வெளியே வந்து நண்பர்களைக் கூப்பிட்டேன்.

"நம்ம பேரு இருக்காதுடா."

"பேர வச்சுச் சுவத்துல அடிக்கவா போறோம்? வேல கையவிட்டுப் போயிரும். ஒத்துக்க."

ஒத்துக்கொண்டேன். படிவத்தை நிரப்பியது நான்தான். உரிமையாளர் என்ற இடத்தில் அவருடைய பெயரை என்னுடைய நல்ல கையெழுத்தில் எழுதினேன். இதற்குத்தான் படித்தேன் போலிருக்கிறது. எனக்கு மேற்பார்வையாளர் என்று ஓர் அட்டை அடித்துக் கொடுத்தார்கள்.

வேலை தொடங்கிய காலையில் மூன்று பேரும் பெயின்ட் வாளிகளோடு மாடிப்படி அடியில் வரிசையாக நின்றார்கள். ஒருவன் என் அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"கங்காணி ஐயா, பெரட்டுக்கு வந்துட்டோம். பேரு போட்டுக்கங்க."

தோட்டத்தில் காலையில் கங்காணி ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் போடுவதுதான் பெரட்டு. மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் கொப்பியைத் திறந்து பேர் போட்டேன். போடத்தான் வேண்டியிருந்தது, முதலாளி கேட்பார்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது பதுளைச் சான்றிதழ் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொங்கியது. அதில் விலாசமாக இருந்த பெரகல அறையை நாங்கள் காலி செய்து அப்போது நான்கு மாதம். வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அதைக் காட்டுகிறாராம்.

"நம்ம கம்பெனி எப்படிப் போகுது?" என்றார்.

"நல்லாப் போகுதுப்பா."

சட்டத்தின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். மாமா ஏதாவது சொல்லியிருப்பாரோ என்னவோ. பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"தொரை நல்ல மாதிரியா?"

"ஆமாங்கப்பா," என்றேன்.