மலைக்குக் கால் நீட்டாத கட்டில்

என் வண்டியில் பன்னிரண்டு சீட்டு இருந்தது. இருபத்திரண்டு வருடமாக டூரிஸ்ட் வேன் ஓட்டி, யார் யாரையோ ராமேஸ்வரம், கன்னியாகுமரி, மந்திராலயம் என்று கூட்டிப் போயிருக்கிறேன். ஒருமுறை காசிக்கும் போய் வந்தேன். என் மனைவி ஒரு தடவைகூட வந்ததில்லை. கேட்பாள். "சீட்டு காலியா இருந்தா கூட்டிட்டுப் போறேன்" என்பேன். சீட்டு காலியாக இருந்ததே இல்லை. இருந்தாலும் அதில் யாராவது பெட்டியைத் தூக்கி வைத்துவிடுவார்கள்.

இதைச் சொல்லும்போது என் கண் கலங்கும் என்று கேட்கிறவர்கள் காத்திருக்கிறார்கள். கலங்குவதில்லை. எருமை மாட்டு மேல் மழை பெய்த மாதிரி நிற்கிறேன் என்று என் தங்கையே சொல்லிவிட்டாள். சொல்லட்டும். எனக்கு மரத்துப் போய்விட்டது, அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மனைவிக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யாமல் போனது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். அதோடு சாப்பாட்டில் ஆயிரம் தடை. வாழைப்பழம் கூடாது, சாத்துக்குடி கூடாது, இளநீரை வாயிலேயே வைக்கக் கூடாது. பழத்தில் ஆப்பிள் மட்டும் சின்னதாக ஒன்று தின்னலாம் என்றார்கள். அவளுக்கு ஆப்பிள் பிடிக்காது. அதற்கு அவள் வைத்திருந்த பெயரே ஆஸ்பத்திரிப் பழம். கடைசியில் அதுதான் அவளுக்கு மிஞ்சியது.

ஒருநாள் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "இது மரத்துல எப்படிங்க தொங்கும்? கொத்தாவா, தனித்தனியாவா?" என்று கேட்டாள். ஊரெல்லாம் சுற்றினவன் நான், எனக்குத் தெரியவில்லை. போனில் படம் காட்டினேன். படத்தைத் தள்ளிவிட்டாள். நேரில் ஒரு வாட்டி பார்த்துவிட வேண்டும் என்றாள். பெரிய ஆசை என்று அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

வாரம் மூன்று நாள் மெஷின் என்றால் இமயமலைப் பக்கம் எப்படிப் போவது? அந்தப் பேச்சு அப்படியே நின்றது. ஆறு மாதம் கழித்து டாக்டர் வேறு வழி சொன்னார். வயிற்றில் ஒரு குழாய் வைத்துவிடுவார்கள். இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர்ப் பையை உயரத்தில் மாட்டி வயிற்றுக்குள் விட வேண்டும். சில மணி நேரம் கழித்து அதைக் கீழே இன்னொரு பையில் இறக்கிவிட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை, வீட்டிலேயே. ஒரே ஒரு கட்டுப்பாடு, சுத்தம். கை கழுவி, மாஸ்க் போட்டு, ஃபேனை நிறுத்தி, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் குழாயைத் தொட வேண்டும். இறங்கின தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். பைக்கு அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். காலையில் பேப்பர் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் அந்தப் பைதான் படித்தது.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில். மார்கழி, தை மாதங்களில் அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் ஜாஸ்தி. அந்த வருடம் தெருக்கோடிக் காலி மனையில் ஒரு லாரி வந்து நின்றது. லாரி முதுகில் ஒரு வீடே இருந்தது. எங்கள் வயதுக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் அதிலேயே பல நாடு தாண்டி வந்திருந்தார்கள். அந்த அம்மாள் என் மனைவியை உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தார். இவள் பேசின தமிழ் அவருக்குப் புரியாது, அவர் பேசினது இவளுக்குப் புரியாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறங்கினாள்.

"நம்ம வண்டியும் வண்டிதானே" என்றாள் வந்ததும்.

அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் பன்னிரண்டு சீட்டையும் கழற்றி மொட்டை மாடியில் ஏற்றினேன். மஞ்சள் போர்டை வெள்ளை போர்டாக மாற்ற ஆர்டிஓ ஆபீசுக்கு அலைந்த கதை தனி. பைபாஸில் பட்டறை வைத்திருக்கும் வெல்டர் எனக்குப் பழக்கம். லாரிக்குப் பாடி கட்டுவான், தண்ணீர் டேங்கர் செய்வான், இது மாதிரி செய்ததில்லை. ஆனாலும் வந்தான். வண்டியை எங்கள் வாசலிலேயே நிறுத்தி வேலையை ஆரம்பித்தோம். தகரச் சுவருக்குத் தெர்மோகோல், அதன்மேல் பிளைவுட், முழங்கையால் தள்ளித் திறக்கிற குழாய் வைத்த ஒரு தொட்டி, ஒற்றை அடுப்பு, மருந்துப் பைகளை அடுக்க ஒரு நீளப் பெட்டி. கூரையில் பையை மாட்ட ஒரு கொக்கி. கொக்கியின் உயரத்தை அவளே படுத்துப் பார்த்துச் சொன்னாள். கார்த்திகைத் தேருக்குக்கூட இவ்வளவு நகாசு வேலை இல்லை என்று வெல்டர் அவளைக் கிண்டல் செய்வான். அவள் சிரித்ததை அந்த நாலு மாதத்தில்தான் நிறையப் பார்த்தேன்.

கட்டில் போடுகிற அன்றைக்குத்தான் சிக்கல் வந்தது. வண்டியின் நீளவாக்கில் கட்டில் என்பதுதான் திட்டம். எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் மலை நேர் வடக்கே. வண்டியும் மலையைப் பார்த்துத்தான் நின்றது. அவள் உள்ளே ஏறி வெறும் தரையில் படுத்தாள். படுத்த வேகத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"கால் மலையப் பாக்குதுங்க."

எங்கள் ஊரில் மலைதான் சாமி. மலையைப் பார்த்துக் கால் நீட்டுகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. குழந்தை தூக்கத்தில் உருண்டால்கூட எழுந்து திருப்பிப் போடுவோம். சரி, தலையை மாற்றிக்கொள் என்றேன்.

"வடக்க தலை வைக்கச் சொல்றீங்களா?" என்றாள்.

அதுவும் ஆகாது. கால் நீட்டினால் சாமி குற்றம், தலை வைத்தால் ஆயுளுக்கு ஆகாது. வெல்டர் டேப்பை இழுப்பதும் விடுவதுமாக நின்றான். பிறகு அவனே, குறுக்கே போட்டுவிடலாம், கிழக்கே தலை, மேற்கே கால், அம்சமாக இருக்கும் என்றான். அளந்து பார்த்தோம். பிளைவுட் அடித்த பிறகு உள் அகலம் ஐந்தே கால் அடிதான். அவள் அதைவிட உயரம், என்னைவிடவே ஒரு விரல் கூட. கொஞ்சம் முட்டியை மடக்கிக்கொள்கிறேன், என்ன இப்போது, என்றாள். கால்மாடு சரியாகப் பக்கக் கதவில் போய் முட்டியது. ஏறி இறங்கப் பின்கதவு இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். மூன்று பேருக்கும் திருப்தி. அன்றைக்குக் கேசரி கிண்டினாள்.

வண்டி முடிந்ததும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். ஆவணியில் கிளம்புவது, ஆப்பிள் சீசன் முடிவதற்குள் மேலே போய்ச் சேருவது என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு ஒத்திகைக்காக ஜவ்வாது மலைக்குப் போனோம்.

மேலே ஒரு பலா மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். சுற்றிலும் சாமை வயல். அவள் இறங்கி நின்று நாலு திசையும் பார்த்தாள். பிறந்ததிலிருந்து நிமிர்ந்தால் மலை தெரிகிற ஊரிலேயே இருந்தவள்.

"என்னாங்க, நம்ம மலை எந்தப் பக்கம்?"

மேகம் மூடியிருந்தது, வளைவு வளைவாக ஏறி வந்ததில் எனக்குத் திசையே பிடிபடவில்லை. "தெரியல" என்றேன். அவள் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட பிள்ளை மாதிரி இருந்தாள். அப்போ நிஜமாவே ஊரை விட்டு வந்துட்டோம் என்றாள்.

மதியம் பை மாற்றும் நேரம் வந்தது. கட்டிலில் முட்டியை மடக்கிப் படுத்தாள். தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கியது. கால் மரத்துப் போகிறது, நீட்டினால் தேவலை என்றாள். அப்போதுதான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதை உணர்ந்தோம். இங்கே எந்த மலைக்காகக் கால் மடக்குகிறோம்? வெளியூர் போவதற்காகக் கட்டின வண்டி. அதன் கட்டிலை எங்கள் வாசலுக்கு அளவு வைத்துப் போட்டிருக்கிறோம். அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. வாசலிலும் தொல்லை இருந்திருக்காது. கட்டிலை நீளமாகவே போட்டு, வண்டியைக் கிழக்கு மேற்காகத் திருப்பி நிறுத்தியிருந்தால் வேலை முடிந்தது. இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு வண்டி திரும்பும் என்று தோன்றவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதேதான்.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அந்தக் கதவத் திறங்க, காலையாவது வெளிய விடுறேன்" என்றாள். திறந்தேன். அவள் கால் இரண்டும் வெளியே நீண்டது. சாமை வயலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நானும் படியில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு மதியம் எங்களுக்கு இருந்ததில்லை. பை காலியானதும் நானே குழாயைக் கழற்றினேன். கை கழுவினேன், மாஸ்க் போட்டேன். கதவைச் சாத்தவில்லை. நல்ல காற்று அடித்தது.

வீட்டுக்குத் திரும்பி மூன்றாம் நாள் காலையில் பையின் அடியில் பேப்பரை வைத்தால் எழுத்து தெரியவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கலாக இருந்தது. உள்ளே வெளிச்சம் போதாது என்று வாசலுக்குக் கொண்டு போய்ப் பார்த்தேன். தலைப்புக்கூடத் தெரியவில்லை. அவள் என் பின்னால் வந்து நின்று பார்த்தாள். வயிறு நேற்றிலிருந்தே வலிக்கிறது என்று அப்போதுதான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். கிருமி அடங்கவில்லை, குழாயை எடுத்துவிட்டார்கள். இனி அந்த வழி வேண்டாம், மெஷின்தான் என்றார் டாக்டர். கதவைத் திறந்து வைத்ததை நர்ஸிடம் சொன்னேன். அதனாலதான்னு சொல்ல முடியாதுங்க, வீட்டுக்குள்ளேயே வர்றவங்களுக்கும் வருது என்றார். நல்ல மனுஷி. ஆனால் எனக்குத் தெரியும். ஊர் ஊராகச் சொல்லி வைத்து டயாலிசிஸ் செய்துகொண்டே பயணம் போகிறவர்கள் உண்டாமே என்று டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். இவங்க இதயம் தாங்காது, மலை ஏறவே வேண்டாம் என்றார். அவள் பக்கத்திலேயே இருந்தாள்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? வீட்டுக்கு வந்து வெல்டருக்குப் போன் செய்தேன், கட்டிலை நீளவாக்கில் மாற்றணும் என்று. வந்தான். ஒன்றரை நாளில் ஒரு கிண்டல் பேசாமல் செய்து கொடுத்துவிட்டுப் போனான். இப்போது வாசலில் வண்டியைக் கிழக்கு மேற்காகத்தான் நிறுத்துகிறேன். பக்கத்து வீட்டு கேட் பாதி அடைபடுகிறது. அந்த வீட்டுக்காரர் பைக்கை ஒடித்து ஒடித்து ஓட்டிக்கொண்டு முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

வண்டி வாரம் மூன்று நாள் ஓடுகிறது, வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து வீட்டுக்கும். மெஷினிலிருந்து எடுத்ததும் அவளுக்குப் பிரஷர் கம்மியாகிவிடும், ஆட்டோவில் உட்கார முடியாது. அதற்கு அந்தக் கட்டில் தோதாக இருக்கிறது. கூரையில் கொக்கி அப்படியே இருக்கிறது. கழற்றவும் மனசில்லை, பார்க்கவும் மனசில்லை. ஒரு சீட்டுகூட இல்லாத வண்டி, முழுக்கக் காலி, அவள் ஒருத்திதான் பிரயாணி. இதை நினைத்தால் எனக்கு ஏதாவது ஆக வேண்டும். ஒன்றும் ஆவதில்லை. கியர் மாற்றுகிறேன், ஹாரன் அடிக்கிறேன்.

போன வாரம் திரும்பி வரும்போது செங்கம் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். ஜன்னல் திரையெல்லாம் மூடியிருந்தது. அவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"என்னாங்க" என்று குரல் வந்தது. "நம்ம மலை எந்தப் பக்கம்?"

டவுனிலிருந்து வரும்போது மலை எப்போதும் வலது பக்கம்தான். அது அவளுக்குத் தெரியாதா? என் வலது ஜன்னல் முழுக்க மலை நின்றது.

"தெரியல" என்றேன்.

பின்னால் கட்டில் பலகை அசைந்தது, அவள் காலை நீட்டிக்கொண்டாள். எங்கள் தெருமுனை வந்தது. நான் வண்டியைத் திருப்பவில்லை.