தீப்பெட்டி லேபிளும் எஞ்சின் கம்ப்யூட்டரும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்த இருபது வருஷத்தில், யார் எதைச் சொன்னாலும் குறுக்கே புகுந்து "எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹெட்லைட், ஹாரன் எல்லாம் அத்துப்படி என்பதால் அந்தக் கேள்வியில் பெரும்பாலும் நியாயம் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு டீசல் வண்டிகளுக்குள் கம்ப்யூட்டர் வந்தது. நான் மட்டும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பழக்கமான டிரைவர் ஒருவர், பதினைந்து வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர், ஒருவழியாகச் சொந்தமாக ஒரு மினி லாரி எடுத்தார். செகண்ட் ஹேண்ட் வண்டிதான், ஆனால் பயங்கர இழுவை. கயத்தாறு போய்விட்டு வந்த அன்றைக்கு, "மூணு பஸ்ஸை முந்திட்டேன் அண்ணாச்சி, இன்னும் ஆக்சிலேட்டர் பாதிகூட மிதிக்கல" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்னார். எந்த நேரத்தில் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று அந்த வண்டியில் ஒரு சின்ன அலுமினியப் பெட்டிதான் முடிவு செய்தது. அதுதான் கம்ப்யூட்டர்.

தீப்பெட்டி ஆலை முதலாளி ஒருவர், தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பண்டல் கொண்டுபோகும் நிரந்தர நடையை அவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். தீப்பெட்டிப் பண்டலில் எடை கிடையாது, இடம்தான் அடைக்கும். அதனால் எங்கள் ஊரில் லோடு வண்டி வாங்கியவர்கள் முதலில் செய்வது, பாடிக்கு மேலே இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் அடித்து உயரத்தைக் கூட்டுவதுதான். பக்கத்துக் கொட்டகை வெல்டிங்காரனிடம் வண்டியை விட்டோம்.

அவன் ஹோல்டரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து கேட்டான்.

"அண்ணாச்சி, இது கம்ப்யூட்டர் வண்டியாம்லா? பேட்டரி ஒயரைக் கழத்திட்டு அடிக்கணுமோ?"

நான் ஒரு பஸ்ஸின் டைனமோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு எரிச்சலில் இருந்தேன். "ஏலே, இருவது வருசமா கழத்தாமத்தான் அடிக்கோம். எந்த வண்டி செத்துப்போச்சு? போயி அடிலே" என்றேன்.

அடித்தான். சாயங்காலம் டிரைவர் வந்து சாவியைத் திருப்பினார். ஒரு விளக்குகூட எரியவில்லை. ஃபியூஸைப் பார்த்தேன், ரிலேயைப் பார்த்தேன், மறுநாள் மத்தியானம் வரை என்னென்னவோ பார்த்தேன். மிச்சம் இருந்தது அந்தப் பெட்டி மட்டும்தான். வெல்டிங் கரண்ட் புகுந்து அதைத் தீர்த்துவிட்டது என்று புரிந்தது.

"இதுக்கு முன்னாடி வச்சிருந்தவன் எதையோ மறைச்சு நம்ம தலையில கட்டிட்டான் போல அண்ணாச்சி" என்றார் டிரைவர்.

"அப்படித்தான் இருக்கும்" என்றேன். வாழ்க்கையில் நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன். இவ்வளவு மட்டமான வார்த்தை ஒன்றை அதற்கு முன்னால் பேசியதில்லை.

வண்டிக் கம்பெனியில் விசாரித்தால், பெட்டி வடக்கே இருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். ஆலை முதலாளி பத்து நாள் தவணை கொடுத்தார். பத்தாம் நாள் திங்கட்கிழமை காலையில் வண்டி வாசலில் நிற்கவில்லை என்றால் நடை வேறு வண்டிக்கு. டிரைவர் பழைய முதலாளியிடம் சண்டை போட்டுவிட்டு வேலையை விட்டவர். திரும்பிப் போகவும் வழியில்லை.

உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர், கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளுக்கு கம்பெனிப் பெட்டிக்குப் பதிலாகத் தாங்களே கம்ப்யூட்டர் செய்து மாட்டும் பட்டறை ஒன்று இருப்பதாகச் சொல்லி நம்பர் கொடுத்தார். போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

"மெக்கானிக் இருந்தா கூப்பிடுங்கம்மா" என்றேன்.

"நாந்தானுங்கண்ணா, சொல்லுங்க."

நல்ல வேளை, போனில் முகம் தெரியாது. அதே எஞ்சினை ரேஸ் ஜீப்பில் போட்டு ஓட்டியிருப்பதாகவும், அதற்கான பெட்டி தன்னிடம் இருப்பதாகவும் அவர் சொன்னார். "ஆனா பழைய பிளக்குல அப்படியே மாட்டாதுங்க. ஒவ்வொரு ஒயரா புதுசா இழுக்கோணும். உங்களால முடியுங்களா?"

"எனக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டு, "நீங்க வந்து சொல்லிக் குடுத்தா செய்யுதேம்மா" என்றேன்.

பெட்டிக்குப் பணம் நான் போட்டேன். "இந்தக் காலத்துல யாரு அண்ணாச்சி இப்படிச் செய்வா?" என்று டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அந்தப் பெண் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும். தோளில் லேப்டாப், கையில் பெட்டி. டிரைவர் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் பழைய பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு மூலை கருகிக் கிடந்தது.

"வெல்டிங் பண்ணும்போது பேட்டரியைக் கழட்டலீங்களாண்ணா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அவருகிட்டச் சொல்லிட்டீங்களா?"

அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன். அந்தப் பெண் பழைய பெட்டியை மூடி வைத்தார். டிரைவர் கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டு, இங்கிலீஷில் அச்சடித்த நாலு பக்கத் தாளை பானட்டின் மேல் விரித்தார்.

அப்போதுதான் அடுத்த வம்பு. என்னிடம் இருந்த ஒயர் சுருள்கள் எல்லாமே சிவப்பு. அன்றைக்கு வரை எந்த வண்டிக்கும் நான் வேறு நிறம் போட்டதில்லை. எது எங்கே போகிறது என்பது என் தலைக்குள் இருக்கும், அவ்வளவுதான்.

"எல்லாமே செவப்பா இருக்குதுங்களேண்ணா" என்றார் அந்தப் பெண், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல்.

"எது எதுன்னு எனக்குத் தெரியும்மா."

பத்தாவது ஒயரில் தெரியாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை, எலக்ட்ரிக் கடை எதுவும் திறந்திருக்காது. இங்கிலீஷ் எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினால் எனக்கு உதவாது. பின்வீட்டில் ஒருவர் அச்சாபீஸில் கழித்துப்போட்ட தீப்பெட்டி லேபிள்களைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தார். ஒரு கட்டு வாங்கி வந்து, ஒயரின் இரண்டு நுனியிலும் ஒரே படத்தை மடித்து ஒட்ட ஆரம்பித்தேன். ஆக்சிலேட்டருக்குக் குதிரை. டீசல் பிரஷருக்கு யானை. சூடு பார்க்கும் சென்சாருக்குச் சூரியன். அந்தப் பெண் தாளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் கூவினேன்: "கிளி ஆச்சு, தாமரை ஆச்சு, மணி ஆச்சு." அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. ஆனால் வேலை ஓடியது. எனக்கும் கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாலரை மணிக்கு மேல் ராகுகாலம், அதற்குள் ஸ்டார்ட் செய்துவிட வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். புதுப் பெட்டிக்குச் சந்தனம் வைக்க வந்தவரை, பிளக்குக்குள் போய்விடும் என்று அந்தப் பெண் தடுத்து, மூடியின் ஓரத்தில் மட்டும் வைக்க விட்டார். நாலு மணிக்குச் சாவியைத் திருப்பினோம். விளக்குகள் எரிந்தன. எஞ்சின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. ஏழெட்டுத் தடவை அடித்தும் அதே கதைதான்.

டிரைவர் இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார். "விடுங்க அண்ணாச்சி. வித்தவன் ஏமாத்துனதுக்கு நீங்க என்ன செய்வீங்க? என் நேரம் அப்படி."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"தம்பி, வித்தவனைச் சொல்லாத. பேட்டரியக் கழத்தணுமான்னு வெல்டிங்காரன் கேட்டான். நான்தான் அப்படியே அடிக்கச் சொன்னேன். பொட்டி என்னாலதான் போச்சு. ஒம்பது நாளா உங்கிட்ட மறைச்சுட்டேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். "ஒம்பது நாளாவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ரோட்டைத் தாண்டிப் போய், எதிரே இருந்த பருத்திக்காட்டின் ஓரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முந்தின நாள் மழையில் கரிசல் மண் குழைந்து கிடந்தது. செருப்பு புதைவதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"அண்ணா, இங்க வாங்க" என்றார் அந்தப் பெண். லேப்டாப்பைப் பார்த்துவிட்டு எஞ்சினுக்குள் குனிந்திருந்தார். "எஞ்சின் சுத்தறதைச் சொல்ற ரெண்டு சென்சாரும் இடம் மாறி வருதுங்க. ரெண்டுக்கும் கப்பல் ஒட்டியிருக்கீங்க."

பார்த்தேன். இரண்டும் கப்பல்தான். ஒன்றில் பாய் இரண்டு, இன்னொன்றில் மூன்று. இரண்டு அச்சாபீஸ் சரக்கு ஒரே கட்டில் கலந்து கிடந்திருக்கிறது. வயசான கண்ணுக்கு எல்லாம் ஒரே கப்பல். இரண்டு ஒயரையும் வெட்டி, மாற்றி முறுக்கி, டேப் சுற்றினேன். அந்தப் பெண்ணே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. பழைய பெட்டியில் இருந்ததைவிடச் சத்தம் சீராக இருந்தது.

சத்தம் கேட்டு டிரைவர் திரும்பினார். மண் அப்பிய செருப்போடு வந்து ஏறினார். அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து எட்டயபுரம் பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவரைக் கும்பிட்டு அனுப்பினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் தன் பட்டறைக்கும் வேண்டும் என்று மிச்ச லேபிள்களை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை விடிந்ததும் வண்டி ஆலை வாசலில் நின்றது என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரம், அது என் கடையைத் தாண்டித்தான் தூத்துக்குடிக்குப் போனது. டிரைவர் என் பக்கம் திரும்பவே மாட்டார். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்த எஞ்சின் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கிப் பார்த்துவிடுவேன். வண்டி ஓடுகிறதே என்று மனசு கொஞ்சம் லேசாகும்.

நாலாவது வாரம் ஒரு நாள் காலையில் அந்த வண்டி கடை முன்னால் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொரு வண்டி. விளாத்திகுளத்தில் இருந்து மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றுகிறவராம். அதுவும் கம்ப்யூட்டர் வண்டி, வரும் வழியிலேயே நின்று நின்று வந்ததாம்.

விளாத்திகுளத்துக்காரர் என் தகரக் கொட்டகையை மேலும் கீழும் பார்த்தார். "இவிய கம்ப்யூட்டர் வண்டியெல்லாம் பாப்பாகளா?" என்று டிரைவரிடம் கேட்டார்.

"ஒண்ணைக் கொன்னுருக்காரு, ஒண்ணை ஓட வச்சிருக்காரு" என்றார் டிரைவர். என்னைப் பார்க்காமலே சொன்னார். "ஆனா ஒண்ணு. தப்பு செஞ்சா வாயைத் திறந்து சொல்லிப்புடுவாரு. கொஞ்சம் லேட்டாத்தான் சொல்லுவாரு. இந்த ரோட்டுல அதையாவது செய்யுத ஆளு வேற யாரு இருக்கா? தைரியமா விட்டுட்டு வாங்க, டீ குடிப்போம்."

அவர்கள் டீக்கடையை நோக்கி நாலு எட்டு வைத்த பிறகு, டிரைவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணாச்சி, உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். வாங்க!"

போனேன்.