பஸ்ஸின் முன்பக்கம்

ஓசூரில் எங்களுக்கு அது இரண்டாவது பொங்கல். ஈப்போ பக்கம் வெயிலில் நின்று லாரி டயர் மாற்றியே வயசானவன் நான். தமிழ்நாடு என்றதும் வேர்த்துக் கொட்டும் என்று நினைத்து மெல்லிசுச் சட்டைகளாகவே மலேசியாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்தோம். வந்த பிறகு பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஆளுக்கொரு ஸ்வெட்டர் வாங்கினோம். அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறோம், எழுந்திருக்கிறோம், ஜெபிக்கிறோம்.

பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட வயசான தம்பதிகளை வேறு தேசத்துக்கு ஊழியத்துக்கு அனுப்புவது எங்கள் சபையின் வழக்கம். பிரசங்கம் எங்கள் வேலை இல்லை. படுத்த படுக்கையாய் இருப்பவரைப் போய்ப் பார்க்க வேண்டும். ஊரை விட்டு வந்து தனியாய் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒருவேளை சோறு போட வேண்டும். யார் வந்து எதைச் சொல்லி அழுதாலும் கூட உட்கார வேண்டும். நான் ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவன். மற்றதெல்லாம் வேதப் புத்தகத்திலும், பழைய செய்தித்தாளிலும், டயர் கடைக்கு வந்தவர்கள் வாயிலும் கற்றது. கூட உட்கார்ந்து பேசுவது என்றால் எனக்குச் சம்பளமே வேண்டாம்.

ஆனால் ஊழியத்தில் ஒரு விதி உண்டு. தம்பதிகள் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியாத இடத்துக்குப் போகக்கூடாது. கறிவேப்பிலை வாங்கப் போனாலும் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போன். அது என் சட்டைப் பையில் இருக்கும்.

எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு இதைப் பார்த்தால் அடக்க முடியாத சிரிப்பு. நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு விற்று, மிச்ச இடத்தில் வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் விவசாயக் குடும்பம். புருஷனிடம் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ்.

“இன்னாங்கய்யா, உப்பு வாங்கவும் ஜோடி மாடாத்தான் போவணுமா? எங்கண்ணன் வீட்டு எருதுங்களக்கூட ஏர் ஓட்டுன பொறவு அவுத்து உட்ருவாங்க.”

நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன், ஆனால் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஓசூரில் ஊழியம் செய்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒன்று கிடையாது. எங்களிடம் வருகிற பிள்ளைகள் எல்லாம் கம்பெனிப் பிள்ளைகள். திருநெல்வேலி, தூத்துக்குடி, சிவகங்கை என்று எங்கிருந்தோ வந்து பம்ப் கம்பெனியிலும் கைக்கடிகாரக் கம்பெனியிலும் நிற்கிறவர்கள். நைட் ஷிப்ட் முடிந்தவர்கள் கண் சிவக்க விடியலில் வருவார்கள். அவர்களுக்கு இட்லி வைத்து, ஜெபித்து அனுப்பினால், மத்தியானம் முதல் ஷிப்ட் விட்டவர்கள் வருவார்கள். அவர்களுக்குச் சோறு. யார் வந்து “ஒரு கூட்டம் வைக்கலாமா அங்கிள்” என்றாலும் நான் சரி என்று சொல்வேன். என் மனைவி ஒருநாள் குக்கரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

“நீங்க சொல்ற ஒவ்வொரு சரிக்கும் நான் ஒரு குக்கர் வைக்கணும். அதையும் யோசிச்சுட்டு சொல்லுங்க.”

அதற்கும் நான் சரி என்றேன்.

திங்கட்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள். அன்றைக்கு ஊர் பார்க்கலாம். கிருஷ்ணகிரி அணைக்குப் போனோம், பூங்காவில் உட்கார்ந்து மாங்காய் தின்றோம். மலைக்கோயில் தேரை நின்று பார்த்தோம், கூட்டத்தில் யாரோ கொடுத்த நீர்மோர் குடித்தோம். தொரப்பள்ளியில் அந்தக் காலத்துத் தலைவர் ஒருவர் பிறந்த வீட்டைப் பார்க்கப் போனோம், பூட்டியிருந்தது. எங்கே போனாலும் நான் பேசிக்கொண்டே போவேன். ஒருத்தர் சொன்ன சொலவடையை இவளிடம் சொல்வேன், அதற்கு நான் வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டில் என்ன சொல்வார்கள் என்று சொல்வேன். அவள் “ம்” என்பாள். முட்டி வலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வலியும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பஸ் படி ஏறும்போது இடது காலை முதலில் வைத்து, ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் வலது கால்.

பொங்கல் கழிந்த வாரத்தில் பெங்களூரிலிருந்து எங்கள் பொறுப்பாளர் போன் செய்தார். மகன் வயசுப் பையன், தங்கமானவர். எங்களுக்குப் பிறகு வரவேண்டிய தம்பதியில் கணவருக்கு இருதயத்தில் ஏதோ அடைப்பாம், வர முடியாதாம்.

“அங்கிள், இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமான்னு ஆன்ட்டியும் நீங்களும் ப்ரே பண்ணிட்டு சொல்லுங்க. திங்கட்கிழமை சாயந்தரம் நான் கூப்பிடறேன். ரெண்டு பேருக்கும் சம்மதம்னாதான். ஒருத்தர் முடியாதுன்னா கட்டாயமில்லை, பங்குனியில ஊருக்குப் போயிடலாம்.”

வாய் வரைக்கும் வந்த சரியை முதல் தடவையாக விழுங்கினேன்.

எனக்கு இருக்கத்தான் ஆசை. கடையை விற்றாகிவிட்டது. ஊருக்குப் போனால் மகன் வீடு, பதினோராவது மாடி. காலையில் எல்லாரும் வேலைக்குப் போனால் நானும் ஜன்னலும்தான். இங்கே யாராவது கதவைத் தட்டுகிறார்கள். ஆனால் அவள் என்ன நினைக்கிறாள்? கேட்டேன்.

“திங்கட்கிழமைதானே சொல்லணும்” என்றாள். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அவளிடம் “ம்” கூட வரவில்லை. துணி மடிக்கும்போது ஊருக்குக் கட்டிக்கொண்டு போகிற சேலையைத் தனியாக எடுத்து வைத்தாளோ என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை வீட்டுக்கார அம்மாவின் பிறந்த ஊரில் எருது விடும் விழா. கெலமங்கலம் போகிற வழியில் சின்ன ஊர். கொம்பில் ஜிகினா ஒட்டிய தட்டியைக் கட்டி எருதை ஓடவிடுவார்கள். இளவட்டங்கள் பாய்ந்து தட்டியைப் பறிக்க வேண்டும்.

“எங்கண்ணன் எருது ஓடுது. நீங்க வராட்டி நான் பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா முதல் நாளே போய்விட்டார்.

நாங்கள் டவுன் பஸ் ஏறினோம். திருவிழாக் கூட்டம். வழக்கமாய் நானும் அவளும் ஒரே சீட்டில்தான் உட்காருவோம். விதி அப்படி என்று நானே வைத்துக்கொண்டது. பெண்கள் பக்கம் நான் உட்கார்ந்து எத்தனையோ கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு வந்த கண்டக்டர் விடவில்லை.

“பெருசு, எந்திரி. லேடீஸ் நின்னுக்கினு வர்ராங்க, நீ சொகமா குந்திக்கினு.”

“இவங்க என் வீட்டுக்காரங்க தம்பி. நாங்க பிரியக்கூடாது.”

“யாரு பிரிக்கறாங்க? நா என்ன கோர்ட்டா? பின்னாடி போ. அம்மாவுக்கு டிக்கெட் ஃப்ரீ, உனக்குத்தான் காசு.”

பஸ்ஸே சிரித்தது. நான் எழுந்து, இடித்துக்கொண்டு பின்னால் போனேன். என் இடத்தில் தக்காளிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்தார். நெரிசலுக்கு நடுவே என் மனைவியின் கொண்டை மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஊர் வந்தது. பின்பக்கப் படியில் நான் இறங்கினேன். முன்பக்கப் படியில் ஐந்தாறு பேர் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார். நான் கையை ஆட்டிக்கொண்டே ஓடினேன், அதாவது ஓடியதாக நினைத்துக்கொண்டேன். பஸ் போய்விட்டது.

போன் என் பையில். பர்ஸ் என் பையில். அவளிடம் ஒரு கைக்குட்டை மட்டும்தான். நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த மனைவியைக் கெலமங்கலம் போகிற பஸ்ஸில் விட்டுவிட்டு, பாஷை மூன்று பேசுகிற ஊரில், ஸ்வெட்டருக்குள் வேர்க்க நின்றேன்.

விஷயம் கேட்டு வீட்டுக்கார அம்மா வந்தார்.

“அட, எங்க போயிருவாங்க? பஸ்ஸு கெலமங்கலம் போய் திரும்பி இங்கதான வரணும். நீங்க வாங்க, எருது ஓடப் போவுது.”

“இல்லம்மா. நான் இங்கயே நிக்கறேன்.”

“எங்க வீட்டு ஆளு நான் காணாமப் போனா நிம்மதியா எருது பாப்பாரு” என்று சொல்லிக்கொண்டு, எனக்கு ஒரு டம்ளர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஓடினார்.

எருது ஓடுகிற சத்தம் கேட்டது. தமுக்கும் விசிலும் புழுதியும் வீடுகளுக்குப் பின்னால் எழும்பி அடங்கின. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் கடுத்தது. உட்காரக் கல் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. இன்றைக்குச் சாயந்தரம் இவள் முடியாது என்றுதான் சொல்லப்போகிறாள், சொல்லட்டும், வந்து சேர்ந்தால் போதும் என்று கர்த்தரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

அதே பஸ், அதே கண்டக்டர். திரும்பி வந்து நின்றது. முன்பக்கப் படியில் இடது காலை வைத்து, ஒரு மூச்சு விட்டு, அவள் இறங்கினாள். ஒரு கையில் அவரைக்காய்ப் பை. கொண்டையில் யாரோ வைத்துவிட்ட சிவப்பு ரோஜா. இந்தப் பக்கத்துப் பசுமைக்குடிலில் விளைகிற பெரிய ரோஜா.

“இந்தா பெருசு, உன் பொருளு பத்திரம்” என்றார் கண்டக்டர்.

“ஊர் வந்ததைக் கவனிக்கலயா?” என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“கவனிச்சேன்.”

“அப்புறம்?”

“எறங்கல.”

ரோட்டோரக் கல்லில் மெதுவாக உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்காரப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள். நின்றேன்.

“ஊர்ல கையுறை ஃபேக்டரிக்கு இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸுல போனேன். ஜன்னல் சீட்டு. போறப்பவும் வர்றப்பவும் யாரோடயும் பேச மாட்டேன். அந்த பஸ்தான் எனக்கு ஜெப வீடு. நீங்க கடைக்குப் போயிடுவீங்க, நான் ஃபேக்டரிக்குப் போயிடுவேன், ராத்திரி பார்த்துக்குவோம். நல்லாத்தானே இருந்தோம்? இங்க வந்ததுலேருந்து முழிச்சா நீங்க, திரும்பினா நீங்க, கண்ண மூடினா உங்க பேச்சு.”

“முட்டி வலின்னு நினைச்சேன்.”

“முட்டியும் வலிக்குது. அது வேற.”

என்னிடம் அதற்குத் தோதாய் ஒரு சொலவடைகூட இல்லை.

“அந்தத் தக்காளி அம்மா எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல” என்றாள். “யாரு, எந்த ஊரு, எத்தனை பிள்ளை, ஒண்ணுமில்ல. தோள்ல சாஞ்சு தூங்கிட்டாங்க. எழுப்ப மனசு வரல. கெலமங்கலத்துல முழிச்சுப் பார்த்துட்டு அவரைக்காயைக் கையில திணிச்சாங்க. கூட ஒரு பொண்ணு, ரோஜாத் தோட்டத்துல வேலையாம், இதை வெச்சு விட்டுச்சு.”

எருது விழா முடிந்து கூட்டம் ரோட்டுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாவின் அண்ணன் எருதை யாராலும் பிடிக்க முடியவில்லையாம். தட்டி கொம்பிலேயே ஆடிக்கொண்டு வந்தது. எருதை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார்கள். நாங்கள் களியும் கறிக்குழம்பும் சாப்பிட்டோம், என் மனைவி பெண்களோடு உள்ளே, நான் வாசலில் ஆண்களோடு. கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான்.

சாயந்தரம் வீட்டில் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். பொறுப்பாளர் நலம் கேட்டார், எருது பார்த்தீர்களா என்று கேட்டார். அப்புறம் என்ன முடிவு என்று கேட்டார். சரி சொல்லியே பழகிய வாயை நான் இறுக்கி மூடிக்கொண்டேன்.

“ஒரு வருஷம் முடியாதுய்யா” என்றாள் அவள்.

“சரி ஆன்ட்டி. நான் புரிஞ்சுக்கறேன்.”

“இன்னிலேருந்து ஆறு மாசம் இருக்கோம். ஆடி வரைக்கும். மத்தியானம் வர்ற பிள்ளைங்களுக்கு இனிமே சோறு கிடையாது, டீதான். அங்கிள் யாருக்காச்சும் சரி சொன்னா எங்கிட்ட கேட்டுட்டு சொல்லுவாங்க. அப்புறம், பஸ்ஸுல நான் முன்னாடி உக்காருவேன், அவங்க பின்னாடி. ஒரே பஸ்தான். விதி மீறல.”

பொறுப்பாளர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. “பஸ்ல அப்படித்தானே ஆன்ட்டி உட்காரணும்” என்றார்.

போனை வைத்த பிறகு நான் கேட்டேன், “எனக்காகவா?”

“பாதி” என்றாள். “மீதி, அந்தத் தக்காளி அம்மா இன்னிக்கு தூங்கிட்டாங்க. என்ன பேருன்னுகூட கேக்கல நான்.”

அடுத்த திங்கட்கிழமை தொரப்பள்ளிக்கு இன்னொரு தடவை போனோம், அந்தத் தலைவர் வீடு இந்தத் தடவையாவது திறந்திருக்கட்டும் என்று. அவள் முன்பக்கம் ஜன்னலோரம். நான் கடைசி சீட்டில், சக்கரத்துக்கு மேலே. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடுப்பு எழும்பி விழுந்தது. பக்கத்தில் நைட் ஷிப்ட் முடித்த ஒரு ஆள், அடையாள அட்டையைக் கழற்றாமலே தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், சீட்டு கேட்டுச் சண்டை போட்ட இளைஞனிடம் அருமையாக ஒரு சொலவடை சொன்னார். கன்னடம் கலந்தது. பஸ்ஸே சிரித்தது. இதை இவளிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். பக்கத்தில் கம்பெனி ஆள்தான் இருந்தார். அவர் தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் விழுந்தது.

தூரத்தில் அவள் கொண்டை தெரிந்தது. அசையவே இல்லை. பேசிக்கொண்டிருக்கிறாளா, ஜெபிக்கிறாளா, தூங்குகிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை.

தொரப்பள்ளியில் அந்த ஆளின் தலையை மெதுவாக ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு இறங்கினேன். முன்பக்கப் படியில் அவள் இறங்கி வரும்வரை நின்றேன். இடது கால், ஒரு மூச்சு, வலது கால்.

“பின்னாடி என்ன அப்பிடி சிரிப்பு?” என்று கேட்டாள்.

சொல்ல வாயைத் திறந்தேன். சொலவடை மறந்துவிட்டது.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

அவள் என் ஸ்வெட்டர் தோளில் ஒட்டியிருந்த அந்த ஆளின் தலைமுடியைத் தட்டிவிட்டாள். பூட்டியிருக்கிறதோ திறந்திருக்கிறதோ, அந்த வீட்டை நோக்கி நடந்தோம். அவள் முன்னால், நான் கொஞ்சம் பின்னால்.